புகைபோக்கி மட்டும் போதுமா?

மும்பை லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று மாபெரும் வணிக வளாகம் இயங்குகிறது. ஆலையின் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்துள்ளனர். அது நற்செயலே. எனினும், அந்த ஒற்றைத் தூணைக் காட்டி இப்பகுதியின் வரலாற்றைக் காத்துவிட்டோம் என்று கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

பரேல், லால்பாக், சிஞ்ச்போக்ளி, வொர்லி ஆகியவற்றை உள்ளடக்கிய இவ்வட்டாரத்தை மராத்தியர் 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர் என்பர். 1850களில் மும்பையில் பஞ்சாலைகள் தோன்றியபின், கொங்கணக் கரையிலிருந்தும் சதாரா போன்ற மாவட்டங்களிலிருந்தும் ஆடவர் திரளாக வந்தனர். குடும்பம் ஊரிலேயே இருந்தது. 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஷிப்டுக்கு ஏற்ப முறைவைத்து உறங்கினர்.

சிஞ்ச்போக்ளி ரயில் நிலையத்தில் இறங்கி லால்பாக் நோக்கி நடந்து பாருங்கள். மிளகாயும் மல்லியும் வறுபடும் நெடி மசாலாக் கடைகளிலிருந்து எழுந்து, இத்தனை ஆயிரம் பேருக்கும் சமைத்தவர் யார் என்ற கேள்வியை எழுப்பும்.

சமைத்தவர்கள் பெண்கள். தம் சிற்றறையிலேயே அடுப்பு மூட்டி, மாதக் கணக்கில் ஆலைத் தொழிலாளருக்கு உணவளித்தனர். அந்த உணவகத்திற்குக் 'கானாவள்' என்று பெயர். தொழிலாளி சம்பள நாளில்தான் பணம் தருவார். மளிகைக் கடைக்காரரோ அதுவரை காத்திருக்கமாட்டார். இடைப்பட்ட நாள்களுக்கு வட்டிக்கடையே கதி. 1975இல் பிரேமா புரவ் இப்பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலை நிறுவினார். ஈடு வைக்க ஏதுமற்ற அவர்கள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் கடன் பெற்றனர். 1969ஆம் ஆண்டின் வங்கி நாட்டுடைமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசுகிறோம். அதன் பயன் ஓர் அடுப்படி வரை சென்றதற்கு இத்தெருக்களே சான்று. வங்கித் துறையினர் ஒருமுறையேனும் இங்கு நடக்கவேண்டும் என்பேன்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உண்ண வந்தவர்கள் ஊர் திரும்ப, அடுப்புகள் பலவும் அணைந்தன. ஆலை மூடப்பட்டதை ஆவணங்கள் பதிவு செய்தன. அடுப்பு அணைந்ததற்கு எந்த ஆவணம்?

பழைய சால்கள் அப்படியே நிற்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. வொர்லி பி.டி.டி. சால்களில் 160 சதுர அடியில் வாழ்ந்த குடும்பத்திற்கு 500 சதுர அடி வீடு கிடைப்பது நியாயம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றவரிடம் மரபின் அழகைப் பேசுவது முறையன்று. ஆனால் இடிப்பதற்கு முன், எந்த அறையில் கானாவள் நடந்தது, எத்தனை பேர் உண்டனர் என்று கேட்டு எழுதிக்கொள்வதில் என்ன தடை? புதிய கட்டடத்தின் வாயிலில் அதைச் சொல்லும் பலகை வைக்க ஆகும் செலவு, அங்கு விற்பனையாகும் ஒரு வீட்டின் விலையில் தூசுக்குச் சமம். சமைத்த பெண்களுக்கு இன்று முதுமை வந்துவிட்டது.

செல்வோருக்கு ஒரு வேண்டுகோள்: சாலின் நடைவழி அங்குள்ளோருக்கு வீட்டுத் திண்ணை. கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். படம் எடுப்பது பிறகு ஆகட்டும்.