விடியப்புறத்து மூச்சு



கிளிநொச்சிப் பக்கம் நான் போய்வரும் கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 2009 இல் மூத்த மகனைத் தொலைத்தவர். விடியப்புறம் மூன்று, மூன்றரைக்கு நெஞ்சை யாரோ அமத்துவது போல விழிப்பு வரும், இருமி இருமிச் சுவரில் சாய்ந்திருப்பேன் என்று ஒருநாள் சொன்னார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சமூகவியல் படித்தவள் அல்லவா! போரின் தாக்கம் என்று கொப்பியில் எழுதி உளவளத்துணைக்கு அனுப்பிவைத்தேன். எட்டு மாதம் போனார். மனம் கொஞ்சம் ஆறியது. மூச்சு ஆறவில்லை.

பிறகு மகள் இழுத்துக்கொண்டு போய் கிளினிக்கில் காட்டியபோதுதான் அது தொய்வு என்று தெரிந்தது.

"பகலில எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. அதுதான் வருத்தமெண்டு நினைக்கேல்லை" என்றார்.

டொக்டர் ஊதிப் பார்க்கும் சிறிய கருவியொன்றைக் கொடுத்து, காலை எழும்பியவுடனும் பின்னேரமும் ஊதிக் குறிக்கச் சொல்லியிருந்தார். கலண்டரில் எழுதி வைத்திருந்தார். பின்னேரம் 320, விடிய 230. பகல் கிளினிக்கில் மட்டும் ஊதியிருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

எல்லோருக்கும் இரவில் மூச்சுக்குழாய்கள் சற்று ஒடுங்கும். விடியற்காலை நான்கு மணியளவில் நுரையீரலின் வலு ஆகக் குறைவு. சுகமாக உள்ளவர்களுக்கு இது தெரிவதில்லை. தொய்வுக்காரருக்குக் குழாயின் உட்புறம் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தை அடக்கும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு நள்ளிரவை அண்டிக் குறைந்துவிடும். தலையணைத் தூசு, பனிக்குளிர், நுளம்புச்சுருள் புகை எல்லாம் அந்த நேரத்தில்தான் சேர்ந்து வருத்தும்.

தொய்வினால் இரவில் விழிப்பு வந்தால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் டொக்டர்மார் எடுக்கிறார்கள். முட்டும் நேரத்தில் இழுக்கிற பம்ப் குழாயை விரிக்குமே தவிர வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றும் பம்ப் வேறு. அதை டொக்டர் சொன்னபடி, சுகமாக இருக்கும் நாளிலும் இழுத்து, வாய் கொப்பளிக்க வேண்டும். "பம்ப் பிடித்தால் பழகிப்போகும்" என்று பயந்து அந்த அக்காவும் முதல் மாதம் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

கெட்ட கனவும் நெஞ்சை அடைக்கும்தான். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஆனபடியால் கிளினிக்கில் "நித்திரையில்லை" என்று மட்டும் சொல்லாமல் எத்தனை மணிக்கு, எத்தனை நாள், இருமலா, இழுப்பா என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆண் துணை இல்லாத வீடுகளில் விடியட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வசனம் பேச மூச்சுக் காணாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பம்ப் இழுத்தும் இறங்காவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்த அக்காவின் கலண்டரில் இப்போது விடியற்காலை இலக்கம் 300 க்குக் கீழே இறங்குவதில்லை. மகன் இன்னும் கனவில் வருகிறானாம். உளவளத்துணைக்கும் போகிறார்.