விலையில்லாப் பேரேடும் அதனைக் காக்கும் கடமையும்

வடகாஞ்சி என்று முன்னோர் போற்றிய மீஞ்சூர், இந்நாளில் தன் கோயில்களால் மட்டுமன்றித் தன்னைச் சூழ்ந்த தொழில்களாலும் பெயர் பெற்று விளங்குகிறது. கிழக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும், அத்திப்பட்டில் அனல் மின் நிலையமும் அமைந்துள்ளன. இப்பெருந்தொழில்களை அண்டிச் சரக்கு லாரி நிலையங்கள், கிடங்குகள், உதிரிப்பொருட் கடைகள், மருத்துவமனைகள், பள்ளிகள் எனச் சிறு நிலையங்கள் பல பிழைத்து வருகின்றன. இவற்றின் கணக்குகள் முற்காலத்தில் தடித்த ஏடுகளில் மையினால் எழுதப்பட்டன. இப்பொழுதோ கணினிக்குள் தரவுத்தளம் என்னும் சாதனத்தில் வைக்கப்படுகின்றன. அத்தரவுத்தளம் ஒரு நாள் வாய் திறவாதிருப்பின் லாரி நகராது, கூலி கணக்கிடப்படாது, நோயாளியின் சீட்டுக் கிடைக்காது. இத்துணை இன்றியமையாத பொருளை நிறுவுவோர் யார், பழுதுற்றால் சீர்செய்வோர் யார் என்னும் கேள்வியை நம் மாணவர் முன் வைத்து, அதுபற்றி எமக்குத் தோன்றும் சில கருத்துக்களை இங்குக் கூற விழைகிறோம்.

முதற்கண், இச்சாதனம் நமக்கு எவ்வாறு கிட்டிற்று என்பதை அறிதல் நலம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தோற்றுவித்தனர். 1991-இல் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தம் இருபத்தோராம் வயதில், அதன் போக்கைப் பின்பற்றி லினக்ஸின் கருவை எழுதி யாவர்க்கும் ஈந்தார். தரவுத்தளத்தின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியர் 1986-இல் போஸ்ட்கிரெஸ் என்னும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர் அதற்கு எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியைப் பொருத்தினர். 1996 முதல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. ஆசிரியரும் மாணவரும் கல்லூரியில் செய்த வேலை, இன்று வங்கிகளும் அரசாங்கங்களும் நம்பும் பொருளாயிற்று. கல்லூரி மாணவர் இதனைக் கருத்தில் இருத்தத் தகும்.

விலையின்றிக் கிடைப்பதற்கு மதிப்பேது, நாளை அதற்குப் பொறுப்பேற்போர் யார் என்று சிலர் வினவுவர். இவ்வினா நியாயமானதே. ஆயினும் மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தளத்தின் கதையைக் கேட்போர்க்கு இவ்வையம் பெரிதும் நீங்கும். மைக்கேல் விடேனியஸ் என்பவர் தம் மகள் மையின் பெயரால் அழைத்த அத்தரவுத்தளத்தை, 2008-இல் சன் என்னும் கம்பெனி ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2010-இல் அந்தச் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. உடையவர் மாறிய பொழுது, மூல நிரல் யாவர் கையிலும் இருந்தமையால், விடேனியஸும் அவர்தம் தோழரும் அதனின்று மரியாடிபி என்னும் கிளையை 2009-இலேயே பிரித்து வளர்க்கத் தொடங்கினர். மரியா அவருடைய இளைய மகள். விற்பவன் கடையை மூடினாலும் வாங்கியவன் கணக்கு மூடப்படாதிருத்தலே திறந்த மூலத்தின் தலையாய பயன். இதனை உணர்ந்தே இந்திய அரசாங்கமும் 2015-இல் தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளை விரும்பி ஏற்கும் கொள்கையை வெளியிட்டது.

நிற்க. பயனைக் கூறி, அப்பயனோடு வரும் பாரத்தைக் கூறாது விடுதல் முறையன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு விற்றவனிடம் முறையிடலாம். விலையின்றிப் பெற்ற பொருளைக் காக்கும் கடமையோ பெற்றவன் தலைமேல் விழுகிறது. பொருள் கொடுத்துத் துணை வேண்டுவோர்க்கு அத்தகைய கம்பெனிகளும் உண்டு. ஆயினும் பத்து லாரி வைத்து நடத்தும் ஒரு நிலையத்துக்கு அச்செலவு எட்டாதது. எனவே அருகிலேயே அறிவுடைய ஓர் இளைஞர் இருத்தல் வேண்டும். அவ்விளைஞரை நம் கல்லூரிகள் ஆக்குகின்றனவா என்பதே யாம் கேட்பது.

தரவுத்தளத்தை நிறுவுதல் இக்காலத்தில் மிக எளிது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒரே ஒரு கட்டளையினால் போஸ்ட்கிரெஸ் வந்திறங்கி, தனக்கென ஒரு பயனர் பெயரை ஏற்படுத்திக்கொண்டு, ஓடத் தொடங்கிவிடும். எல்லா அதிகாரமும் படைத்த ரூட் என்னும் பயனரின் பெயரால் அது ஓட மறுக்கும். தன் கோப்பறை பிறர் புகத் திறந்து கிடந்தாலும் ஓட மறுக்கும். முதலில் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கும். இம்மறுப்புக்களைப் புதியவர் தொல்லை என்று எண்ணுவர். வீட்டுக்குக் கதவும் தாழும் தொல்லையென எண்ணுவதை அஃது ஒக்கும்.

மீஞ்சூரில் ஒரு சரக்கு லாரி நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். திங்கட்கிழமை காலையில் எழுத்தர் கணினியைத் திறக்கிறார். இணைப்பு மறுக்கப்பட்டது என்னும் செய்தி தோன்றுகிறது. வாயிலில் ஓட்டுநர் பலர் காத்து நிற்கின்றனர். அறிவில்லாதவர் இந்நிலையில் சர்வரை அணைத்து மீண்டும் மூட்டுவார். பயனில்லையேல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவார். கணக்கும் உடன் அழியும். அறிவுடையவரோ சில கேள்விகளை வரிசையாகக் கேட்பார். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடுமாயின், 5432 என்னும் தன் வழக்கமான வாயிலில், உரிய முகவரியில் செவிசாய்க்கிறதா? செவிசாய்க்குமாயின், வருகின்ற கணினிக்கும் பயனருக்கும் இடமளிக்கும் விதி அதன் அனுமதிக் கோப்பில் உண்டா? ஓடவே இல்லையெனின், வட்டில் இடம் மிஞ்சியுள்ளதா, கோப்பறையின் உரிமைகள் மாறாதுள்ளனவா? இவற்றுக்கெல்லாம் விடையைத் தரவுத்தளம் தானே தன் நிகழ்வுக் குறிப்பேட்டில் நேரமிட்டு எழுதி வைத்திருக்கும். அதனைப் படிக்கப் பொறுமை ஒன்றே வேண்டும்.

பொறுமையின்மையால் நேரும் கேடு சிறிதன்று. இணைப்புக் கிடைக்கவில்லை என்றவுடன் அனுமதிக் கோப்பில் எல்லோரும் கடவுச்சொல்லின்றி வருக என எழுதிவிடுவோரும், கோப்புக்களை யாவரும் எழுதலாம் எனத் திறந்துவிடுவோரும் உளர். அப்பொழுது வேலை நடக்கும். நடப்பதனாலேயே அப்பிழை ஒருவர் கண்ணிலும் படாது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மாங்கோடிபி என்னும் வகைத் தரவுத்தளங்கள் பல்லாயிரம் காவலின்றி உலகுக்குத் திறந்து கிடந்தமையால், அயலார் உட்புகுந்து இருந்தவற்றைத் துடைத்தெறிந்து, பணம் தந்தால் மீட்டுத் தருவோம் என்று குறிப்பெழுதி வைத்துச் சென்றனர். அத்தரவுத்தளங்களுட் பலவற்றை நிறுவியோர் வேலை முடிந்தது என்று எண்ணியே கை கழுவியிருப்பர்.

இனி, தரவுத்தளத்தின் உட்பொருளை அறியாது அதில் கை வைப்பதன் தீங்குக்கு ஒரு சான்று கூறுவோம். நம் வணிகர் சிட்டா என்றும் பேரேடு என்றும் இருவகை ஏடுகள் வைத்திருந்தனர். நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் சிட்டாவில் உடனே எழுதிக்கொண்டு, பின்னர் ஆற அமர அவரவர் தலைப்பின்கீழ்ப் பேரேட்டில் பதிவர். போஸ்ட்கிரெஸும் இவ்வாறே செய்கிறது. எந்த மாற்றத்தையும் முதலில் தன் சிட்டாவில் எழுதி உறுதி செய்த பின்னரே பேரேட்டில் சேர்க்கும். இடையில் மின்சாரம் நின்றாலும், மீண்டும் எழுந்தவுடன் சிட்டாவைப் படித்து விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலைக் கண்ட நம் பகுதியார்க்கு இவ்வேற்பாட்டின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இச்சிட்டா இருந்த அறைக்குப் பழைய நாளில் இட்ட ஆங்கிலப் பெயரில் லாக் என்னும் சொல் இருந்தது. வட்டு நிறைந்த வேளையில், இது வெறுங் குறிப்பேடு போலும் என்று கருதிப் பலர் அதனை அழித்துத் தம் தரவுத்தளத்தையே இழந்தனர். ஆதலால் 2017-இல் வெளியான பத்தாம் பதிப்பில் அவ்வறையின் பெயரையே மாற்றிவிட்டனர். ஒரு சொல்லின் பொருளை அறியாமை எத்தனை பேர் கணக்கை அழித்தது என்பதை இது காட்டும்.

பயிற்சியும் பொருளும் மிக்க இடங்களில் இத்தகைய இடுக்கண் வாராது என்று எண்ண வேண்டா. அதே 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், கிட்லேப் என்னும் புகழ்பெற்ற நிலையத்தில், களைப்புற்றிருந்த பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்பறையை அழித்துவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் பெரும்பகுதி போயிற்று. அந்நிலையத்தில் காப்புப்படி எடுக்கும் முறைகள் பல இருந்தன. எனினும் நாள்தோறும் படியெடுக்க வேண்டிய கருவி பழம்பதிப்பாயிருந்தமையால் நெடுநாளாகத் தன் பணியைச் செய்யவில்லை. செய்யவில்லை என்று அறிவிக்கும் அஞ்சலும் எவரையும் சென்று சேரவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த படியே அவர்களைக் காத்தது. அவ்வாறு மணி நேரத்துக் கணக்கு அழிந்தது அழிந்ததே. அந்நிலையத்தார் நிகழ்ந்தது முழுவதையும் மறையாது உலகுக்கு எழுதி வெளியிட்டனர். பிழையை மறையாது எழுதியமையால் அது பிறர்க்கெல்லாம் பாடமாயிற்று. படியெடுத்து வைத்தல் பாதி வேலை. எடுத்த படியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, கணக்கு உள்ளவாறு உள்ளதா என்று சோதித்தலே மறுபாதி.

இவ்வுண்மை நம் மண்ணுக்குப் புதியதன்று. மீஞ்சூரின் நிலத்தடி நீர் சென்னை நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் இறைக்கப்பட்டது. இறைக்க இறைக்கக் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்து, இனித்த கிணறுகள் உவர்த்தன. பின்னர், 2010-இல், காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் பெருஞ்செலவில் திறக்கப்பெற்றது. கிணறு தோண்டுவது எளிது. நீரின் நிலையை அளந்து பார்த்துக் காப்பதே அரிது. தரவுத்தளத்துக்கும் இது பொருந்தும்.

ஆதலின் நம் கல்லூரிகள் செய்யத்தக்கது ஒன்றை விண்ணப்பித்துக்கொள்கிறோம். இப்பொழுது மாணவர் செய்முறைத் தேர்வில், பிறர் நிறுவி வைத்த தரவுத்தளத்தில் வினவல்களை எழுதிக் காட்டுவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. அதனோடு, வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு சர்வரை மாணவரிடம் கொடுத்து, காரணத்தைக் கண்டு எழுதுக, பின்னர்ச் சீர்செய்க என்று கேட்டல் வேண்டும். நேற்றைய காப்புப்படி ஒன்றைத் தந்து, வெற்றுக் கணினியில் அதனை மீட்டுக் காட்டுக என்றும் கேட்டல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கழித்து ஒதுக்கிய பழங்கணினி இரண்டு போதும், மென்பொருளுக்கு விலையில்லை. கண்ட பழுதையும் தீர்த்த வழியையும் மாணவர் தமிழில் ஓர் ஏட்டில் நாளிட்டு எழுதி வைப்பாராயின், பின்வரும் வகுப்பார்க்கு அதுவே நல்லாசான் ஆகும். தமிழில் எழுத இயலுமோ என்று ஐயுற வேண்டா. 2012-இல் தோன்றிய கணியம் என்னும் மின்னிதழ் இத்துறையைத் தமிழிலேயே எழுதி வருகிறது, து. நித்யா அவர்கள் மைஎஸ்கியூஎல் பற்றி எளிய தமிழில் எழுதிய நூல் யாவரும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது.

இப்பயிற்சியால் வேலை கிட்டுமோ எனப் பெற்றோர் கேட்பர். நம் பகுதி இளைஞர் பலர் பட்டம் பெற்றும், வாயிலருகே இயங்கும் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாகவோ, நாள்தோறும் கும்மிடிப்பூண்டி ரயிலில் நெடுந்தூரம் சென்று மீளும் எழுத்தர்களாகவோ இருக்கக் காண்கிறோம். அவர் ஊரிலேயே உள்ள சிறு நிலையங்களோ, தம் கணக்கைக் காக்க ஆளின்றித் தெரியாதவர் கையில் ஒப்படைத்துள்ளன. ஒரு பக்கம் வேலை தேடும் கை. மறுபக்கம் கை தேடும் வேலை. இடையில் நிற்பது, பழுதுற்ற சர்வரின் முன் அஞ்சாது அமர்ந்து அதன் குறிப்பேட்டைப் படிக்கும் பழக்கம் ஒன்றே. எல்லோர்க்கும் இதனால் வேலை கிட்டும் என்று யாம் கூறத் துணியோம். இப்பழக்கம் உடையவரை இழக்க எந்த நிலையமும் விரும்பாது என்பது மட்டும் உறுதி.

2011-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசாங்கம் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னையைச் சார்ந்து உருவாக்கப்பெற்ற பாஸ் என்னும் லினக்ஸும் இடம்பெற்றது. அதனைத் திறந்தும் பாராது விட்டோர் பலர். வீடு தேடி வந்த கல்வியை வாயிலிலேயே நிறுத்திவைத்த குறை இனியேனும் நீங்குக. அடுத்த ஆண்டு இவ்விதழ் வெளிவருமுன், நம் கல்லூரியில் ஒரு சிறு மாணவர் குழுவேனும், ஒரு தரவுத்தளத்தை நிறுவி, பழுதாக்கி, சீர்செய்து, காப்புப்படியினின்று மீட்டுக் காட்டி, அதன் விவரத்தை இப்பக்கங்களிலேயே எழுதுமாறு வேண்டுகிறோம்.