வித்துக் குடிச்சுருவாய்ங்களாம்!

மார்கழி பிறந்தால் மதுரையில் விடியற்காலையே கோயில் ஒலிபெருக்கிகள் முழங்கும். அவை ஓய்ந்ததும் டீக்கடை உபதேசம் தொடங்கிவிடும். பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் முடங்கிக் கிடந்த ஒரு கிழவருக்கு அண்மையில் கல்லூரிப் பையன் ஒருவன் போர்வை வாங்கிப் போர்த்தினான். கடை பெஞ்சில் மப்ளரோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "போர்வையெல்லாம் குடுக்காதப்பா தம்பி, வித்துக் குடிச்சுருவாய்ங்க." சுற்றியிருந்த நாலு பேரும் ஆமாம் போட்டார்கள்.

நடைபாதைக் கடையில் 200 ரூபாய்க்கு வாங்கிய போர்வை அது. ஓர் இரவு போர்த்தியதை யார் வாங்குவார்கள்? பாதி விலைக்குப் போனாலும் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டருக்குக் காணாது. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசாங்கம். அந்தக் கடை வாசலில் சம்பள நாளன்று மொய்க்கிறவர்கள் எல்லாரும் பிளாட்பாரத்தில் படுக்கிறவர்களா என்ன?

2020-ஐ இதே ஊர் பார்த்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான ஒரு முதியவர் கொரோனா ஊரடங்கில் மதுரையில் இருந்தார். யாசகம்தான் பிழைப்பு. மே மாதம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், கொரோனா நிவாரண நிதிக்கு 10,000 ரூபாய் கொடுத்தார். பிறகு மறுபடியும் போனார், மறுபடியும் போனார். ஆகஸ்டுக்குள் கொடுத்த தொகை 90,000 ரூபாய். அதற்கு முன்பே அரசுப் பள்ளிகளுக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். சுதந்திர தினத்தை ஒட்டி மாவட்ட நிர்வாகம் அவருக்கு விருதும் கொடுத்தது. அந்த 90,000-க்கு எத்தனை குவார்ட்டர் என்று மப்ளர்காரர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

"அது ஏதோ ஒருத்தர்" என்பார்கள். ஒருத்தன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் கையேந்துகிற அத்தனை பேரும் குடிகாரர்கள். ஒருத்தர் 90,000 கொடுத்தால் மட்டும் அது விதிவிலக்காம். இன்னொரு கூட்டம் அவரையே காட்டி, "பாத்தீங்களா, பிச்சையெடுத்தே லட்சம் சேக்குறாய்ங்க" என்கிறது. சேர்த்தவர் அதைக் கொண்டுபோய்க் கொட்டியது எங்கே என்ற பாதி மட்டும் வசதியாக மறந்துபோகிறது.

"மதுரையில ஏதுங்க குளிரு?" என்பது அடுத்த ஞானம். ஜனவரி விடியலில் 20 டிகிரிதானே என்று கம்பளிக்குள் இருந்தபடி சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சிமென்ட் தரையில் வெறும் வயிற்றோடு படுப்பவருக்கு அது வேறு கணக்கு. பிச்சைக்காரர்கள் மட்டுமா படுக்கிறார்கள்? அரசு இராசாசி மருத்துவமனையில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் உசிலம்பட்டி, மேலூர்க்காரர்களும் அங்கேதான் துண்டை விரிக்கிறார்கள்.

உழைக்காதவனுக்குச் சோறு எதற்கு என்று கேட்பவர்கள் ஆவணி மூலத்தில் வைகைக் கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கூலியாளாக வந்து, வந்தியின் பிட்டைத் தின்றுவிட்டு, கரையை அடைக்காமல் ஆடிப்பாடித் தூங்கிய சிவனுக்குத்தான் அங்கே திருவிழா. ஆதார் அட்டை கேட்காமல் பிட்டு கொடுத்தாள் கிழவி. பிரம்பை ஓங்கியவன் பாண்டியன்.

கொடுப்பவர்களிலும் ஒரு ரகம் உண்டு. பத்துப் போர்வைக்கு இருபதடி பிளெக்ஸ்! விழா முடிந்ததும் பிளாட்பாரத்துக்காரர்கள் அதை அவிழ்த்து மழைக்குக் கூரையாகக் கட்டிக்கொள்கிறார்கள். போர்வையைவிட அது கனம்.

டெல்லிக் குளிரில் தங்குமிடம் இல்லாதவர்கள் தவித்ததை ஒட்டி, 2010-ல் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். அப்படியானால் பத்துக் காப்பகமாவது வேண்டும். போர்வை வியாபாரத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்கிறவர்கள், ஒருநாள் ராத்திரி மாட்டுத்தாவணியில் இறங்கி அந்தப் பத்துக்கும் வழி கேட்டுப் பார்க்கட்டும்.