எந்த வருசத்து அலி?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரச் சலூன் ஒன்றில் அண்மையில் முடிவெட்டக் காத்திருந்தேன். பக்கத்து வாங்கிலில் மூன்று பொடியள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். முகமது அலியும் மைக் ரைசனும் மோதுவது போலச் செயற்கை நுண்ணறிவில் செய்த காணொளி அது. இருவரும் நிஜத்தில் ஒருநாளும் மோதியதில்லை. அலி கடைசியாகச் சண்டையிட்டது 1981 டிசம்பரில். ரைசன் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தது 1985 இல்.

"ரைசன்ர ஒரு அடி பட்டாக் காணும், அலி எழும்பான்."

"முதல்ல அடி படோணுமே. அலி நிண்டாத்தானே!"

கதிரையில் முகம் மழிக்கக் கொடுத்துவிட்டுச் சாய்ந்திருந்த ஐயா ஒருவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தம்பியவை, எந்த வருசத்து அலி?"

பொடியள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

முதலில் பொடியளின் வழக்கையே எடுத்துப் பார்ப்போம். ரைசனை 2024 நவம்பரில், 58 வயதில், யூரியூப்பால் பெயரெடுத்த ஜேக் போலிடம் புள்ளிகளில் தோற்றவராகத்தான் இந்தத் தலைமுறை நேரடியாகப் பார்த்தது. ஆனால் 1986 நவம்பரில் 20 வயதிலேயே உலகப் பட்டத்தை வென்றவர் அவர். 1988 யூனில் மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கன்களில் வீழ்த்தினார். உயரம் 5 அடி 10 அங்குலம். குனிந்து, தலையை ஆட்டி, எதிரியின் நெஞ்சுக்குள் புகுந்து அடிப்பவர். அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம். 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த அலியின் கால் வேகத்தில் அந்த எடைப் பிரிவில் இன்னொருவர் வந்ததில்லை என்பது பலரின் கணிப்பு.

என் கணிப்பைக் கேட்டால், முதல் நான்கு சுற்றுகள் ரைசனுடையவை. அதைத் தாண்டினால் சண்டை அலியுடையது. 1990 பெப்ரவரியில் ரோக்கியோவில் ரைசனைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திய பஸ்டர் டக்ளஸும் அலியைப் போல உயரமானவர்தான். நீண்ட இடது கையால் குத்திக் குத்தி ரைசனை உள்ளே வரவிடாமல் வைத்திருந்தார்.

ரைசன் பக்கத்தாரிடமும் நல்ல சாட்சி உண்டு. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியர், ரைசனைப் போலவே கட்டையானவர், உள்ளே புகுந்து அடிப்பவர், இடதுகை வீச்சால் அலியை 15 ஆம் சுற்றில் நிலத்தில் விழுத்தினார். அலியின் முதல் தொழில்முறைத் தோல்வி அது.

இந்த இடத்தில்தான் ஐயாவின் கேள்வி வருகிறது. பிரேசியரிடம் விழுந்தது எந்த வருசத்து அலி?

1967 ஏப்ரல் 28 ஆம் திகதி வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பில் அலி பெயர் கூப்பிட்டும் முன்னே வர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, சண்டையிடும் அனுமதி பறிக்கப்பட்டது. யூனில் ஐந்து ஆண்டுச் சிறையும் பத்தாயிரம் டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டால் சிறைக்குள் போகவில்லை, வளையத்துக்குள்ளும் போக முடியவில்லை. 1967 மார்ச்சுக்குப் பிறகு 1970 ஒக்டோபரில்தான் அவர் மறுபடி மேடையேறினார். 25 வயதில் நிறுத்தப்பட்டவர் திரும்பி வந்தது 28 வயதில். 1971 யூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. நீதிமன்றத்தால் தீர்ப்பைத் திருத்த முடிந்தது, அந்த மூன்றரை வருடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

திரும்பி வந்த அலிக்குக் கால்கள் பழையபடி ஓடவில்லை. அதனால் அடியை வாங்கித் தாங்கும் வித்தையைப் பழகினார். 1974 இல் கின்சாசாவில் ஜோர்ஜ் போர்மனைக் கயிற்றில் சாய்ந்து அடிவாங்கியே வென்றார். நாங்கள் புகழ்கிற அந்த வெற்றி, ஓட முடியாமற்போன ஒருவரின் தந்திரம். 1984 இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறியப்பட்டது. ஆக, அலியின் உச்சம் எப்படி இருந்திருக்கும் என்று எவரும் முழுமையாகக் கண்டதில்லை.

இந்தக் கற்பனைச் சண்டைகளைத் தீர்த்துவைக்க இயந்திரத்திடம் போவதும் புதிதல்ல. அலி தடைப்பட்டிருந்த 1967 இலேயே மரி வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் பழைய, புதிய சம்பியன்களின் விபரங்களைக் கணினிக்குக் கொடுத்துப் போட்டி நடத்தினார். அதில் அலி தோற்றதாக அறிவிக்கப்பட, அவர் பத்து லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசமாகி, 1969 இல் அலியும் தோல்வியே காணாத ரொக்கி மார்சியானோவும் கமராவுக்கு முன் சண்டையிடுவது போல நடித்தார்கள். படம் வெளிவருமுன் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 சனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியில் அலி வென்றார். கணினி சொன்னதாகச் சொல்லப்பட்ட உண்மை, பார்வையாளர் இருந்த இடத்துக்கேற்ப மாறியது. எண்களையும் முடிவுகளையும் யார் எழுதுகிறார்கள் என்று பார்த்துப் படிக்கப் பழகிய எங்கள் சனத்துக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அலி போருக்குப் போகமாட்டேன் என்றவர். ஜோ லூயிஸ் போனவர். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்த லூயிஸ், இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் சேர்ந்தார். 1942 மார்ச்சுக்குப் பிறகு 1946 யூன் வரை அவர் பட்டத்துக்காக ஒரு சண்டையும் போடவில்லை. போனவருக்கும் போகாதவருக்கும் போர் ஒரே கணக்கில்தான் கை வைத்தது. இருவரும் பெயரும் பணமும் உள்ள உலகச் சம்பியன்கள். அதனால் அவர்கள் இழந்த ஆண்டுகளை எண்ண ஆள் இருக்கிறது.

வன்னியில் இழந்த ஆண்டுகளை யார் எண்ணியது? நான் உயர்தரப் பரீட்சை எழுதியது 2009 ஓகஸ்டில், மெனிக் பாம் முகாமில். என்னோடு படித்த ஒருவன் எங்கள் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியின் முதன்மை அடிப்பாளன். 2008 இல் இடம்பெயர்வு தொடங்கியபோது அவனுக்குப் பதினேழு. ஊர் திரும்பியபோது பாடசாலை அணிக்கான வயதெல்லை கடந்துவிட்டது. போட்டி விதிகளில் பங்கருக்கும் முகாமுக்கும் கழிவு கொடுக்கும் வாசகம் எதுவும் இல்லை. இன்று ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சுண்ணாம்பால் கோடு போடுவது அவன்தான். "சண்டை வராட்டி இவன் எங்கயோ போயிருப்பான்" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆரோ சொல்லாத போட்டியே இல்லை. அலியா ரைசனா என்பதைவிட எங்களிடம் அதிகம் பேசப்படும் கற்பனைப் போட்டி இதுதான்: சண்டை வந்த அவனும் சண்டை வராத அவனும்.

மறுபக்கமும் உண்டு. முள்ளியவளையின் அகிலத்திருநாயகி சிறீசெயானந்தன் 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் இரண்டு தங்கம் வென்றார். முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி 2022 சனவரியில் லாகூரில், கையும் காலும் பயன்படுத்தும் சவேட் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். இருவருக்கும் நாங்கள் மாலை போட்டோம், சரிதான். ஆனால் இவர்களைக் காட்டி "மனமிருந்தால் எல்லாம் முடியும்" என்று மேடையில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அது முடியாமற்போனவர்களைக் குற்றவாளியாக்குகிறது, வசதி செய்து கொடுக்க வேண்டியவர்களைத் தப்பவிடுகிறது.

எண்ணத் தவறிய ஆண்டுகளுக்கு இனி எவராலும் போட்டி வைக்க முடியாது. ஆனால் போர் முடிந்த 2009 இல் பிறந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதின் கடைசியை நெருங்குகிறார்கள். ஒரு வீரரின் உச்சம் இருபதுகளில் வருமென்றால், இவர்களின் உச்சம் 2030 ஐ ஒட்டி வரும். அதற்கு வேண்டியது காணொளியல்ல. கிழமையில் மூன்று நாள் வரும் பயிற்றுநர், இருட்டினாலும் எரியும் மைதான விளக்கு, பயிற்சி முடிந்து வீடு போக ஒரு பஸ், பொம்பிளைப் பிள்ளைகளையும் அனுப்பத் துணியும் வீடு. இவை இல்லாத இடத்தில் ஏஜென்சிக்காரனும் போதைப்பொருள் விற்பவனும் முந்திக்கொள்கிறார்கள். மாகாண விளையாட்டுத் திணைக்களமும் பிரதேச சபைகளும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்களும் நினைவு மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் கணக்குப் பார்க்கும்போது இந்த நான்குக்கும் சேர்த்துப் பார்க்கலாம்.

என் முறை வந்து கதிரையில் இருந்தபோது பொடியள் இன்னும் விடவில்லை. மூவரில் இளையவனிடம் எத்தனையாம் ஆண்டு பிறந்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்து ஒன்பது அண்ணை. முகாமுக்க."

ஐயாவின் கேள்வியை நான் அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய வருசம் இன்னும் வரவில்லை.