மாமியார் மெத்தையும் வேலிக்கள்ளியும்

தொட்டியில் நிற்கும் கள்ளியை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். வேலியில் நிற்கும் கள்ளியைப் பிடுங்கி எறிய, ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். இந்த வரவு செலவுக் கணக்கு எனக்கு உதைக்கிறது.

போன வருஷம் ஓய்வூதிய நண்பர்கள் சில குடும்பங்களாகச் சேர்ந்து டார்ஜிலிங் பக்கம் போயிருந்தோம். அங்கிருந்து காலிம்போங். அந்த ஊரில் பைன் வியூ நர்சரி, கள்ளிச் செடிகளுக்கென்றே பேர் போன இடம். மழையும் ஈரமும் மிகுந்த மலையூர் என்பதால், கூரை போட்ட கொட்டகைகளுக்குள் வளர்க்கிறார்கள். உருண்டை, தூண், வால், நட்சத்திரம் என்று முள்ளுக்கு இத்தனை வடிவமா என்று நின்று பார்த்தேன். தக்காளிபோல் சிவந்த உருண்டை ஒன்று பச்சைத் தண்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பச்சையமே கிடையாது. தனியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும். இன்னொரு கள்ளியின் தண்டில் ஒட்டுக்கட்டி, அந்தத் தண்டின் சாப்பாட்டில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி இலத்தூர்க்காரி. அவளுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "ஏங்க, இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? எங்க அப்பா வயக்காட்டு வேலியிலயே ஓசியில பாத்திருக்கலாமே" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. பாதி ஏன் என்றால், நாம் எல்லாவற்றையும் கள்ளி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவை ஒரே குடும்பம் இல்லை. நர்சரியில் இருந்த காக்டஸ் வகைகள் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. நம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியோ ஆமணக்கு, மரவள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெவ்வேறு ஊரில் பிறந்து ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களின் கையெழுத்து ஒன்றுபோல் இருப்பதில்லையா? அப்படித்தான் இதுவும். வாத்தியார் பெயர் வறட்சி.

அங்கே மஞ்சள் முள் போர்த்திய பெரிய உருண்டைக் கள்ளிகளும் இருந்தன. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கூசன் த பெல்மேர்' என்பார்கள், அதாவது மாமியார் மெத்தை. அர்த்தம் சொன்னதும் எங்களோடு வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நர்சரிக்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனைக்கும் எல்லாருமே இன்று மாமியார்கள்தான்!

இந்த மாமியார் மெத்தை இன்று உலகத்தின் பல நாடுகளில் தொட்டியில் கிடைக்கிறது. ஆனால் அது பிறந்த மெக்சிகோவில், 1990-களில் சிமாபான் என்ற அணை கட்டியபோது, அது வளர்ந்த மலைச்சரிவுகள் பெருமளவு தண்ணீருக்குள் போய்விட்டன. இன்று சொந்த மண்ணில் அது அழியும் நிலையில் உள்ள செடி. ஊரெல்லாம் பிள்ளைகள் இருந்தும் பூர்வீக வீடு இடிந்துபோனது மாதிரி. நர்சரிகள் நல்ல வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நர்சரியில் இருக்கிறது என்பதற்காக, மண்ணில் இல்லாமல் போனால் பரவாயில்லை என்று இருந்துவிட முடியாது.

செடியை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. சப்பாத்திக்கள்ளி நம்முடையது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பழத்தைத் தின்று வாய் சிவந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம்! அதுவும் அமெரிக்கச் செடியே. அந்தக் காலத்தில் உயர்ந்த சிவப்புச் சாயம், மெக்சிகோவில் இந்தக் கள்ளி இனத்தில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து வந்தது. ஸ்பெயின்காரர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1777-ல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பூச்சியையும் செடியையும் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுபோனார். ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்தது. ஆனால் வந்தது வேறு இனம். சாயம் சரியாக வரவில்லை, செடியைத் தின்பதில் மட்டும் கெட்டிக்காரப் பூச்சி. பிறகு காடுமேடெல்லாம் கள்ளி பரவியபோது, அதை அழிக்கவே 1830-களில் அந்தப் பூச்சியைத் தெற்கே கொண்டு வந்தார்கள். அதற்கும் அடங்காத இன்னொரு கள்ளி இனத்தை ஒடுக்க, 1926-ல் இலங்கை வழியாக வேறொரு பூச்சியை வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு சாய வியாபாரத்தின் பாக்கியை நூறு வருஷத்துக்கு மேல் தீர்த்தோம். சீமைக்கருவேலைப் பார்க்கிறபோது, அந்தப் பாடத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இலத்தூரில் குளத்துப் பாசனம் உள்ள இடமெல்லாம் நெல்லும் தென்னையும்தான். மேட்டுக்காட்டில்தான் சதுரக்கள்ளி வேலிகள் இருந்தன. அந்த வேலி வெறும் முள் இல்லை. அதன் நிழலில் பிரண்டை படரும், கல்லிமுளையான் தலைகாட்டும், ஓணானும் கௌதாரியும் ஒதுங்கும். அந்தக் கல்லிமுளையானின் சாற்றைத்தான் வெளிநாட்டில் உடம்பு இளைக்க மாத்திரையாக விற்கிறார்கள். இன்று வீட்டுமனைக் கல் நட்டதும் முதலில் போவது இந்த வேலிதான். பதிலுக்குக் கல்காலும் கம்பியும் வருகின்றன. போதாததற்குக் கள்ளிப்பால் என்றாலே பெண்குழந்தைகளைக் கொன்ற கதைதான் எல்லாருக்கும் நினைவு வருகிறது. பாவம் செய்தது மனிதன், பழி சுமப்பது செடி.

அரியானாவில் பஞ்சகுலா என்ற ஊரில், 1987-லிருந்து ஏழு ஏக்கரில் கள்ளித் தோட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் செடிகளோடு நம் நாட்டுக் கள்ளி வகைகளையும் பத்திரமாக வளர்க்கிறார்கள். 2019-ல் பிறந்த நம் தென்காசி மாவட்டத்திலும் அப்படி ஒரு பாத்தி போடலாம். குற்றாலத்தில் வேண்டாம், சாரலில் அழுகிவிடும். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வளாகம் போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இரண்டு. தொட்டிக் கள்ளி வாங்குகிறவர்கள், அலுத்துப்போனால் அதை ஓடைக்கரையில் வீசாதீர்கள். சப்பாத்திக்கள்ளிக் கதை அப்படித்தான் வளர்ந்தது. வேலியை எடுக்கிறவர்கள், எடுப்பதற்கு முன் சதுரக்கள்ளியில் ஒரு முழத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பால் மேலே படாமல் கவனமாக வெட்டி, ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பின், மனையின் ஒரு மூலையில் ஊன்றுங்கள். தண்ணீர் அதிகம் கேட்காது. பக்கத்தில் ஒரு கணு பிரண்டையையும் நட்டு வையுங்கள். துவையலுக்கு ஆகும்.