பாலையிலோர் சூதாட்ட நகர்

சூதாடுதற்கென்றே மாந்தர் கடல்கடந்தும் சென்று குழுமும் ஊரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோவென நண்பர் சிலர் வினவினர். தகுமென்றே துணிந்தோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய நெவாடாவின் லாஸ் வேகாஸ் நகரை யாம் நேரிற் கண்டிலேம். ஆயினும் அங்குச் செல்வோர் சூதரங்கினும் நீரையே நோக்க வேண்டுமென்பது எம் கருத்து.

அந்நகர்ப் பெயர் ஸ்பானிய மொழியிற் புற்றரைகள் எனப் பொருள்படும். ஆண்டிற்கு ஏறத்தாழ 4 அங்குலமே மழை பெய்யும் பாலைக்கு இப்பெயர் வந்தது எங்ஙனம்? நிலத்தடி ஊற்றுக்கள் பொங்கிப் புல் வளர்த்தன, வழிச்செல்வோர் தங்கினர், புகைவண்டியும் வந்தது. 1905ஆம் ஆண்டு மே மாதத்தில் மனைகளை ஏலங்கூறி விற்க, நகர் பிறந்தது. கிணறுகள் பெருகவே ஊற்றுக்கள் தளர்ந்து, 1962ஆம் ஆண்டில் ஓடாதொழிந்தன. முல்லை வளங்குன்றிப் பாலையாதலை ஏட்டிற் படித்த எமக்கு அதன் உண்மை இங்கே விளங்கிற்று.

நெவாடாவிற் சூதாட்டத்திற்குச் சட்டம் இடங்கொடுத்தது 1931ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டவும் தொடங்கினர். சூதின் கணக்கைச் சற்றே நோக்குவோம். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 அறைகள் உள. ஓர் அறையின்மீது ஒரு டாலர் வைத்து வென்றவன், தன் டாலரோடு 35 டாலர் பெறுவான். எல்லா அறைகளின்மீதும் ஒவ்வொரு டாலர் வைப்பானாயின், 38 கொடுத்து 36 கொண்டு மீள்வான். தருமன் தோற்றது சகுனியின் வஞ்சத்தால். ஈண்டு வஞ்சமும் வேண்டா, கணக்கே போதும்.

விருந்தினரை ஊழை நம்பி ஆடச் சொல்லும் அந்நகர், தன் நீர்க்கு ஊழை நம்பியிருக்கவில்லை. நீரிற் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோவினின்றே வருதலின், வீடுகளிலும் விடுதிகளிலும் பயன்பட்டு வடிகாலிற் புகும் நீரைத் தூய்மையாக்கி, அணையின் மீட் ஏரிக்கே திருப்பிவிடுகின்றனர். தனி இல்லங்கள் நீங்கலாகப் பிறவிடங்களில் வெறும் அழகிற்கு வளர்த்த புல்லை அகற்றுமாறு 2021ஆம் ஆண்டிற் சட்டமும் செய்தனர். புற்றரையெனப் பெயர்பூண்ட ஊரிற் புல்லுக்கு வந்த நிலை இது! பாவப்பட்டினம் எனப் பழித்தொதுக்குவார் இந்தச் சிக்கனத்தை அறியார். விளக்கொளியில் மயங்குவாரும் அறியார். துளி நீரையும் எண்ணிக் காக்கும் ஊர் வந்தவன் பொருளை மட்டும் எண்ணாது இறைக்கச் சொல்வதே எமக்கு உறுத்துகின்றது.

நகரின் வடமேற்கே சார்ல்ஸ்டன் சிகரம் ஏறத்தாழ 11,900 அடி உயர்ந்து, குளிர்காலத்திற் பனி போர்த்து நிற்கின்றது. அம்மலைத் தொடரின் பனியுருகி நிலத்துட் புகுந்ததே பண்டை ஊற்றுக்களுக்குத் தாய். ஊற்றிருந்த இடத்தையும் இன்று பூங்காவாக்கிக் காத்து வருகின்றனர். செல்வோர் ஒரு பகலேனும் ஆடரங்கை விட்டு வெளிப்பட்டு, முதலில் அப்பூங்காவையும் பின்னர் அம்மலையையும் காண்பாராக.