பாலைவனத்தில் 40 கேலன் தண்ணீர்

லாங் வீக்கெண்ட் நெருங்கினால் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பயணத் திட்டம்தான் சுற்றும். லாஸ் வேகஸில் இறங்கு, வாடகைக் கார் எடு, ஹூவர் அணை, கிராண்ட் கேன்யன், ஆன்டெலோப் கேன்யன், மூணே நாளில் திரும்பு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அதே திட்டம்தான், கூடவே ஒரு ரைஸ் குக்கர். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நெவாடா, யூட்டா, அரிசோனா என்று பரந்து கிடக்கும் பாலைவனத்தைச் சுற்றிவிட்டு, அது பாலைவனம் என்பதே உறைக்காமல் வீடு வந்து சேருகிறோம். ஓட்டல் குழாயைத் திறந்தால் நியூ ஜெர்சியில் வருவது போலவே இங்கேயும் தண்ணீர் கொட்டுகிறதே!

அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்பது 2024 ஆகஸ்ட் கடைசியில் கொஞ்சம் வெளியே தெரிந்தது. கிராண்ட் கேன்யனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12.5 மைல் நீளக் குழாய் பல இடங்களில் உடைந்தது. தென் விளிம்பில் உள்ள ஓட்டல்களில் இரவு தங்குவதையே நிறுத்தினார்கள். கேம்ப்கிரவுண்டில் சொந்தமாகத் தண்ணீர் கொண்டுவருபவர்கள் தங்கலாம் என்றார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவையாவது ஆர்வி எடுத்துப் போங்க. காசு மிச்சமாகும் என்று நினைத்துப் போகாதீங்க. வாடகை, மைல் கணக்கு, பெட்ரோல் எல்லாம் கூட்டினால் பல சமயம் கார், ஓட்டல் செலவைத் தாண்டிவிடும். போக வேண்டியது தண்ணீர்க் கணக்குக்காக.

25 அடி நீள வாடகை ஆர்வியில் நல்ல தண்ணீர் டேங்க் ஏறக்குறைய 40 கேலன், அதாவது 150 லிட்டர். குளியல், சமையல், பாத்திரம், டாய்லெட் எல்லாம் அதற்குள்தான். சுற்றுச்சூழல் துறையான இபிஏவின் கணக்குப்படி, சராசரி அமெரிக்கக் குடும்பம் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 300 கேலனுக்கு மேல்! செலவான தண்ணீரும் எங்கேயும் மாயமாகாது. வண்டிக்கு அடியில் வேறு டேங்குகளில் சேரும். நிரம்பினால் டம்ப் ஸ்டேஷனில் நீங்களே குழாய் மாட்டித் திறந்துவிடணும்.

ஆனால் தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றும் மாட்டிக்கொள்ளும் ஹூக்கப் இடங்களிலேயே தங்கினால் இது எதுவும் தெரியாது. இரண்டு ராத்திரியாவது அது இல்லாமல் தங்குங்க. கிராண்ட் கேன்யனின் மேதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் கிடையாது. பிஎல்எம் என்கிற மத்திய அரசு நிலத் துறையின் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். எங்க எட்டு வயசுப் பொண்ணு, சுவரில் தண்ணீர் அளவு காட்டும் விளக்கு ஒன்று அணைந்ததைப் பார்த்த பிறகு, சோப்பு போடும்போது தானாகவே குழாயை மூடினாள். சென்னையில் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றவர்கள் நம்மில் பலர். நம் பிள்ளைகளுக்கு அது வெறும் கதை.

"நாலு நாள் சிக்கனமாகக் குளித்தால் கொலராடோ நிரம்பிடுமா?" என்று கேட்பீங்க. நிரம்பாது. அந்த ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதி விவசாயத்துக்குப் போகிறது. 1922 ஒப்பந்தத்தில் ஆறு தரக்கூடியதைவிட அதிகமாகவே ஏழு மாநிலங்களுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். 2022 ஜூலையில் லேக் மீட், முதன்முதலில் நிரம்பிய 1930களுக்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கியது. ஹூவர் அணையில் நாம் செல்ஃபி எடுக்கும்போது பின்னால் பாறையில் தெரியும் வெள்ளைக் கோடுதான் பழைய நீர்மட்டம். காகிதத்தில் உள்ள தண்ணீர் வேறு, ஆற்றில் ஓடும் தண்ணீர் வேறு என்பதைக் காவிரி வழக்கு பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளுக்குத்தான் அது கண்ணால் தெரியணும்.

இன்னொன்றும் தெரியணும். மான்யுமெண்ட் வேலியும் ஆன்டெலோப் கேன்யனும் நேஷனல் பார்க் இல்லை. நவஹோ மக்களின் சொந்த ஆட்சிப் பகுதி. நம் வருஷ பாஸ் அங்கே செல்லாது. அங்கே சுமார் 30 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. பிக்கப் வண்டியில் பீப்பாய் ஏற்றிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். 1868 உடன்படிக்கைப்படி அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்க அரசு நடவடிக்கை எடுத்தே ஆகணும் என்று இல்லை என 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு சொன்னது. நாம் நாலு நாள் சாகசமாகச் செய்வது அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. அதனால் டேங்கை வெளியூரிலேயே நிரப்பிக்கொண்டு போங்க. நுழைவுக் கட்டணத்துக்கு முணுமுணுக்காம, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்க. சாலையோரக் கடையில் ஏதாவது வாங்குங்க.

கடைசியாக ஒன்று. ஸ்கூல் லீவு என்று ஜூலையில் கிளம்பாதீங்க, அதுவும் வயசான அப்பா அம்மாவோடு. ஹூக்கப் இல்லாத இடத்தில் ஏசி ஓடுவது ஜெனரேட்டரில். பல வண்டிகளில் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். டெத் வேலியில் 1913 ஜூலையில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலக சாதனை. ஏப்ரலோ அக்டோபரோ நல்ல காலம். இரண்டு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. கேன்யனை யூடியூபில்கூடக் காட்டலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பதைப் பிள்ளைகள் அங்கே இருந்துதான் கத்துக்கணும்.